சுவரொட்டி தின்னும் ஆடு

பொம்மையின் குறும்பைச் சாயத்தில் கொண்டுவந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. முட்டைக்கண், உடம்பெல்லாம் புள்ளி, சிவப்பு மூக்கு. குறும்பு எலும்புக்கூட்டிலேயே இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி. கம்பியும் காகிதமுமாக நிற்கும்போதே பார்ப்பவர் முகம் மலர வேண்டும். அப்போது மலராத முகம் பூச்சுக்குப் பிறகும் மலராது.

இப்போது மேசைமேல் நிற்பது ஆடு. பின்னங்காலில் எழும்பி, மைதாப் பசைக்கு ஆசைப்பட்டுச் சுவரொட்டியைக் கிழிக்கிற நம் தெரு ஆடு. செய்தித்தாளையும் நல்ல பாட்டிலையும் பழைய பேப்பர் கடைக்கே விட்டுவிடுவேன். அவற்றுக்கு மறுபிறவி உண்டு; மாவுக்கட்டுத் துணி ஒட்டிய பிறகு அது கிடையாது. நான் எடுப்பது கடைக்காரர் ஒதுக்கித் தள்ளுவதை. வயிற்றுக்கு டிவி பெட்டியில் வந்த தெர்மாகோல், காதுக்கு நைந்த முட்டை அட்டை, கால்களுக்கு ஒடிந்த குடையின் கம்பிகள். குடைக்கம்பியில் ஆணியடித்த மூட்டு ஒன்று இருக்குமே, அதுதான் ஆட்டின் பின்னங்கால் மடிப்பு. அதை வேண்டிய கோணத்துக்கு மடக்கி டேப் சுற்றி இறுக்கியதும், கட்டையாக இருந்த கால் எம்பத் தயாராகிவிட்டது.

மிகைப்படுத்துவதை ஓர் இடத்தோடு நிறுத்திக்கொள்வேன். இந்த ஆட்டுக்கு அது கழுத்து. இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு நீளம். காதையும் வாலையும் சேர்த்துப் பெரிதாக்கினால் அது எங்கே எட்டப் பார்க்கிறது என்பது மறைந்துபோகும். கழுத்து முன்னால் நீண்டால் பாரமும் முன்னால் போகும். அதனால் பின்னங்குளம்புகளுக்குள் உடைந்த ஓட்டுத் துண்டுகளை வைத்துக் கட்டினேன். கூடு தானாக நிற்கும்வரை, அதன்மேல் ஒட்டவேண்டிய மாவுக்கட்டுச் சுருளைப் பிரிப்பதில்லை.

மாவுக்கட்டுத் துணி மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. வலைபோல நெய்த பருத்தித் துணியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஏற்றிய சுருள். டச்சு ராணுவ மருத்துவர் அன்டோனியஸ் மதைசென் எலும்பு முறிவுக்காக 1852-இல் எழுதி வெளியிட்ட முறையின் வாரிசு இது. 10 செ.மீ. அகலச் சுருள் எனக்குத் தோது. எல்லாவற்றையும் முன்பே பட்டைகளாக வெட்டி, உலர்ந்த தட்டில் அடுக்கிவிட வேண்டும். ஈரக்கை பட்டால் சுருள் முழுவதும் பாழ்.

ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் வறுத்தால் அதில் பிணைந்திருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்விடும். அந்த மாவு தண்ணீரைக் கண்டதும் இழந்ததை வாங்கிக்கொண்டு, ஊசி ஊசியான படிகங்களாகக் கோத்துக்கொள்ளும். அந்தச் சில நிமிடங்கள்தான் நமக்கு. பட்டையை நனைத்து, இரு விரலால் வழித்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி ஒட்டி, வலைக்கண் மறையும்வரை ஈரவிரலால் தேய்க்க வேண்டும். பளபளப்பு மங்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். அதன்பின் தொட்டால் கோத்த படிகம் உடையும், அந்த இடம் பொடியாகும். காலும் கழுத்தும் சேரும் இடங்களில் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக நாலு அடுக்கு போடுவேன்.

இறுகும்போது மாவு சுடும். கொஞ்சமாக இருந்தால் இதமான சூடு, கனமாக இருந்தால் தோலைப் பொசுக்கும். 2007-இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி, கையை அச்செடுக்க மாவுக் கலவைக்குள் வைத்து விரல்களை இழந்தாள். குழந்தைகளோடு இதைச் செய்யும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்: பொம்மைக்குக் கட்டலாம், கையைப் புதைக்கக் கூடாது. மிச்சத் தண்ணீரையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் போய்க் கல்லாகும்.

கெட்டியானதும் காய்ந்துவிட்டதாக எண்ணிச் சாயம் எடுப்பவர்கள் அதிகம். ஐப்பசி மழையில் உள்ஈரம் போக ஒரு வாரமும் ஆகும். கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். சில்லென்றால் இன்னும் ஈரம். அது போன பிறகு நீர்த்த ஃபெவிகால் ஒரு பூச்சு, அதன்மேல் அக்ரிலிக்.

இந்த ஆட்டுக்குச் செம்மண் நிறம் மட்டும் போதும். தாடிக்குத் தேங்காய் நார் பிரித்து வைத்திருக்கிறேன். வாயில் வைக்க நிஜச் சுவரொட்டியின் கிழிசல் வேண்டும், யாருடைய முகம் என்று அடையாளம் தெரியாத அளவுக்கு ஒரு துண்டு.