முறிகண்டிக் கச்சான் கடைகள்

கண்டி வீதியில் யாழ்ப்பாணம் நோக்கிச் செல்வோர் முறிகண்டிப் பிள்ளையாரைக் கடந்து வாளா போவதில்லை. வாகனம் நிற்கும், தேங்காய் உடையும், கற்பூரம் எரியும். பின்னர் நம் கால்கள் தாமாகவே கச்சான் கடைகளை நாடும். (தென்மேற்குக் காற்றையும் நம்மவர் கச்சான் என்பர், நாம் இங்கே சொல்வது நிலக்கடலையை.) "வாங்கோ, சாப்பிட்டுப் பாருங்கோ" என்று கடைக்கார அம்மாமார் நாலு மணியை நம் கையில் வைத்துவிடுவர். அப்புறம் வாங்காமல் வருவது எங்ஙனம்?

சூடேறிய மணலிற் புரட்டி வறுக்கும் இத்தொழில் பார்வைக்கு எளிது. நெருப்பு மிஞ்சினாற் கருகும். குறைந்தாற் பச்சை வாடை போகாது.

இக்கடைகளின் வாழ்வும் தாழ்வும் வீதியோடு பிணைந்தவை. நெடுங்காலம் மூடிக்கிடந்த பாதை 2002இல் திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியது. பின்வந்த போர் வன்னி மக்களை வேரோடு பெயர்த்தது. 2009 மே மாதத்தில் அது முடிந்தபோது, இலட்சத்துக்கு மேற்பட்டோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்தனர். கடைசிக் குடும்பங்கள் அங்கிருந்து வெளியேற 2012 செப்டெம்பர் ஆயிற்று. திரும்பியோர் கண்டவை கூரையற்ற சுவர்களும் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளுமே. எனினும் பாதை திறந்ததும் முறிகண்டியில் அடுப்புப் புகைந்தது.

இதனை 'மனவுறுதி' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட நமக்கு மனமில்லை. ஹவாயிலுள்ள கவாய் தீவில் 1955இற் பிறந்த பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தவர் எமி வெர்னர் அம்மையார். மிகுந்த இன்னலிடையே வளர்ந்தவர்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் நன்கு தலையெடுத்ததை அவர் கண்டார். தம் முயற்சிக்குப் பயன் உண்டென்ற நம்பிக்கையும், பற்றிக்கொள்ள ஒரு மனிதத் துணையும் அவர்களுக்கு இருந்தனவாம்.

முறிகண்டியில் இவ்விரண்டையும் கண்ணாற் காணலாம். நெல் விதைத்தவர் இரணைமடுத் தண்ணீரை எதிர்பார்த்து மாதக்கணக்கிற் காத்திருக்கவேண்டும். கச்சான் வறுத்தவருக்கோ காலையிற் பட்ட பாடு மாலையிற் காசாகிக் கையில் வரும். ஒருவர் சுகவீனமுற்றால் பக்கத்துக் கடைக்காரர் இரண்டையும் பார்த்துக்கொள்வர். கைமாற்றுக்குப் பத்திரம் வேண்டியதில்லை.

இந்தப் பிடிமானத்தை அசைத்தது கடன். போருக்குப் பின் நுண்கடன் நிறுவனங்கள் வடக்கிலே வீடு தேடி வந்தன. வாரந்தோறும் தவணை; மழை பொய்த்தாலும் தவணை. வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பட்ட இத்தகைய கடன்களில், ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டவற்றைத் தீர்க்க 2018இல் அரசே முன்வரவேண்டியதாயிற்று. "வன்னிப் பெண்கள் எதையும் தாங்குவர்" என்ற புகழ்ச்சி, கடன் கொடுப்போருக்கே மிக வசதியானது என்பது நம் கருத்து.

2013 செப்டெம்பர் முதல் ரயில் மீண்டும் கிளிநொச்சிவரை ஓடலாயிற்று. பின்னர் யாழ்ப்பாணத்தையும் எட்டியது. ரயிலிற் செல்வோர் தேங்காய் உடைக்க இறங்குவதற்கில்லை. பஸ் சாரதிகள் மட்டும் பிள்ளையாரை மறப்பதில்லை. கடைகளுக்கு அதுவே முதல்.