கழட்டிப் பார்க்காமல் பேசியது



நேற்று உத்திரமேரூர் பஜாரில் என் பழைய சைக்கிளுக்கு சீட் ஸ்பிரிங் மாற்றினேன். தேய்ந்ததைக் கையில் வாங்கியதும் ஒரு என்.சி.சி. முகாம் ஞாபகம் வந்தது.

ராணுவப் பிரிவோடு தங்கிப் பயிற்சி பெறும் முகாம். 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்து நம் ராணுவத்துக்கு வந்தது. சுடும்போது நம் பையன் ஒருவனுக்கு அது அடிக்கடி நின்றுபோனது. "சார், போல்ட் முழுசா முன்னால போகல" என்றான்.

"ஒழுங்கா பிடிக்கத் தெரியாம துப்பாக்கியக் குறை சொல்றியாடா?" என்று எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன்.

மாலையில் ஆர்மரர் அதைப் பிரித்தார். தோளில் வைக்கும் கட்டைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங். சுட்டதும் பின்னால் பாயும் போல்ட்டைத் தாங்கி, மறுபடி முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது அவைதான். புதியதைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையது குட்டையாகிப் போயிருந்தது. "வெளியே பார்த்தா தெரியாது சார், கழட்டிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். இரண்டையும் மாற்றினார். மறுநாள் அதே பையன் தடையில்லாமல் சுட்டான்.

நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியார் என்ற கௌரவம் தடுத்தது.

தம்பி, இதைப் படித்தால் தெரிந்துகொள். தப்பு உன் கையில் இல்லை. கழட்டிப் பார்க்காமல் பேசியவன் நான். மன்னித்துவிடப்பா.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். பிள்ளை "முடியல" என்றால், திட்டுவதற்கு முன் ஒருமுறை உள்ளே பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்