மழை நாளில் வீடு பார்க்க வேண்டும்

என் தம்பிக்கு மால்டாவில் வேலை. மத்தியதரைக் கடலில், இத்தாலிக்குத் தெற்கே இருக்கும் சின்னத் தீவு நாடு அது. இணைய விளையாட்டு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு. முதல் இரண்டு மாதம் நிறுவனமே தங்க இடம் கொடுத்தது. அதற்குள் சொந்தமாக வாடகை வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். "எங்கேக்கா எடுக்கிறது?" என்று அவன் கேட்டதிலிருந்து புக்கிட் ரோத்தானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மால்டா வரைபடம்தான். அம்மாகூட ஊர்ப் பெயர்களைப் பாடம் செய்துவிட்டார்.

நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் 'எங்கே வசிப்பது' என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்ததே முதன்முதலாக 1996-ல்தான்.

தாத்தா 1937-ல் நாமக்கல் பக்கத்திலிருந்து கங்காணி பின்னால் கப்பலேறி வந்தவர். அடுத்த ஆண்டே, 1938-ல், தோட்டக்கூலி வேலைக்கு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை அன்றைய இந்திய அரசு நிறுத்திவிட்டது. ஓர் ஆண்டு பிந்தியிருந்தால் நாங்கள் நாமக்கல்காரர்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், வரிசையில் எத்தனையாவது கதவு, எல்லாம் மற்றவர் சொன்னதுதான். அப்பா பிறந்தது அதே லயத்தில். நானும் தம்பியும் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். காலையில் பெரட்டுக்குப் போகிறவரைக்கும் வீடு நம்முடையது. வேலை நின்றால் சாவி ஆபீசுக்குப் போய்விடும். நாற்பது வருடம் சுண்ணாம்பு அடித்து, பின்பக்கம் கொட்டகை போட்டு, மாடு கட்டி வாழ்ந்திருந்தாலும் நம் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

இதே கோல சிலாங்கூரில் இடம் பார்த்துக் குடியேறியவர்களும் இருந்திருக்கிறார்கள். ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905-ல் மலாயாவுக்கு வந்தார். சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் தனக்குப் பிடித்த ஒரு குன்றைத் தேர்ந்தெடுத்து அதன் மேல் வீடு கட்டிக்கொண்டார். பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917-ல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டவர் அவர்தான். (தோட்டத்தின் பெயரே தமிழ். பெயர் வைத்தவர்கள் யார் என்று பாடப்புத்தகத்தில் தேட வேண்டாம்.) பிறகு அவருக்கு மத்தியதரைக் கடல் பிடித்தது. துனீசியாவில் கடலோரம் ரதேஸ் என்ற ஊருக்குக் குடிபோனார். மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930-ல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. துனீசியாவிலிருந்து மால்டா அவ்வளவு தூரமில்லை. கோல சிலாங்கூரிலிருந்து அந்தக் கடலுக்குப் போனவர்களில் என் தம்பி முதல் ஆள் அல்ல என்று அவனிடம் சொன்னேன். "அவர் குன்று பார்த்தார், நான் ஒத்தை ரூம் பார்க்கிறேன்" என்றான்.

1996-ல் எங்கள் தோட்டத்தின் ஒரு பகுதி கைமாறியது. லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்பாவுக்கு அப்போது 47 வயது. கையில் இழப்பீடாக வந்த கொஞ்சம் பணம், வீட்டுக்காக எடுக்கக்கூடிய இபிஎஃப் பணம், ஒரு பழைய ஹோண்டா மோட்டார். அந்தக் காலத்தில் மலிவு விலை வீடு 25,000 வெள்ளி. அவர் முன்னால் மூன்று ஊர்கள் இருந்தன. சுங்கை பூலோவில் சித்தப்பா இருந்தார், வேலை வாய்ப்பும் அங்கேதான் அதிகம். ஈஜோக்கில் வீடு கொஞ்சம் பெரியது. புக்கிட் ரோத்தானில் தோட்டத்து ஆட்கள் ஏழெட்டுக் குடும்பம் ஏற்கெனவே போயிருந்தார்கள்.

அப்பா வீடு பார்த்த விதத்தை அம்மா இன்றும் கேலியாகச் சொல்வார். வெயில் நாளில் அவர் போகவே இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரங்களில், சாயங்கால மழை கொட்டும் நேரமாகப் பார்த்து, ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு மோட்டாரை எடுப்பார். கால்வாயில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று நின்று பார்ப்பார். விற்பனைக்கு வந்த பையன் குடை பிடித்துக்கொண்டு 'டைல்ஸ்' பற்றிச் சொல்வானாம். இவர் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். இன்னொரு நாள் இரவு பதினொரு மணிக்குப் போனார். விளக்கு எரிகிறதா, யார் எங்கே உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்று பார்க்க. மூன்றாவது தடவை, அங்குள்ள மளிகைக் கடையில் ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு, "இங்கே கணக்குப் புத்தகம் உண்டா?" என்று கேட்டார். கடன் கொடுக்கும் கடை இருந்தால் அந்த ஊரில் ஒருவரை ஒருவர் தெரியும் என்று அர்த்தம். தெரியாத ஊரில் கடைக்காரன் கடன் கொடுக்க மாட்டான்.

தமிழ்ப்பள்ளிக்கு நான் நடந்தே போக முடிய வேண்டும் என்பதும் அவர் கணக்கில் இருந்தது. கடைசியில் புக்கிட் ரோத்தான். சித்தப்பாவுக்கு வருத்தம். இரண்டு மாட்டையும் விற்றோம். தாமானில் மாடு கட்ட முடியாது. அந்தப் பணத்தில்தான் அடுப்படியை நீட்டி, வாசலுக்குக் கிரில் போட்டது. கிரில்லைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா அந்த மாடுகளின் பெயரைச் சொல்வார்.

அப்பாவுக்குத் தேர்ந்தெடுக்க மூன்று ஊராவது கிடைத்தது. புக்கிட் தாகார், மேரி, சுங்கை திங்கி, மின்யாக், நைஜல் கார்ட்னர் என்ற ஐந்து தோட்டங்களின் பழைய தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை வருடம் மனு கொடுத்து அலைந்தார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அரசு அவர்களுக்கு வீட்டுத் திட்டத்தை அறிவித்தது 2023-ல். அதற்குள் எத்தனையோ பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

2014-ல் எனக்குத் திருமணமானதும் என் முறை வந்தது. கணவர் கிள்ளான்காரர். எனக்கு வேலை டாமான்சாராவில். அவருக்குக் கிள்ளான், எங்கள் நண்பர்களுக்கெல்லாம் புஞ்சாக் ஆலாம். அங்கே புது வீடு, அகலச் சாலை, பல்கலைக்கழகம், பேரங்காடி. பிற்பாடு பெரிய மருத்துவமனையும் வந்துவிட்டது. அந்தப் பக்கம் போனவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை, நன்றாகவே இருக்கிறார்கள். நான் புக்கிட் ரோத்தானில் அப்பா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டை வாங்கினேன். 2011-ல் ஈஜோக்கிலிருந்து டெம்ப்ளர் பார்க் வரை லாத்தார் நெடுஞ்சாலை திறந்திருக்காவிட்டால் அந்த யோசனையே வந்திருக்காது. அதற்கு முன் கோலாலம்பூருக்குப் போவது என்றால் லோரிக்குப் பின்னால் ஊர்வலம்தான்.

சும்மா கிடைக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும். டோலும் பெட்ரோலும் மாதச் சம்பளத்தில் ஒரு துண்டைக் கடித்துவிடும். மழை இல்லாத மாதங்களில் ராஜா மூசா வனப் பக்கம் கரிச்சதுப்பு மண் பற்றி எரிந்தால் ஒரு வாரத்துக்குத் துணி காயப்போட முடியாது. ஜெராம் பக்கம் குப்பைக் கிடங்கு இருப்பதால் குப்பை லோரிகள் உண்டு. இன்னொரு வேடிக்கை, பத்தாங் பெர்ஜுந்தையிலும் ரந்தாவ் பாஞ்சாங்கிலும் இருக்கும் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள்தான் கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் அனுப்புகின்றன. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் யாரோ ஆற்றில் கழிவைக் கொட்டி, அந்த நிலையங்களை மூடியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் வறண்டது. தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு நாங்களும் வாளியோடு நின்றோம். தோட்டத்துப் பழக்கத்தில் அம்மா எப்போதும் மூன்று தோம்பு நிறைத்து வைத்திருப்பார். அந்த வாரம் அக்கம்பக்கம் முழுக்க எங்கள் வீட்டுத் தோம்பில்தான் குளித்தது.

2019-ல் ஓர் இரவு அப்பாவுக்கு நெஞ்சுவலி. அம்மா போன் செய்தபோது மணி இரண்டே கால். நான் போய்ச் சேர நான்கு நிமிடம். தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அவர் பிழைக்கவில்லை. ஆனால் காரில் பின்சீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், பேசினார். கிள்ளானில் இருந்திருந்தால் நான் நேராக மருத்துவமனைக்குத்தான் போயிருப்பேன். அந்த நான்கு நிமிடத்துக்கு எத்தனை வருட டோல் கொடுத்தேன் என்று கணவர் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை.

இனி மால்டா. மொத்த நாடும் 316 சதுர கிலோமீட்டர். நம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள். இவ்வளவு சின்ன இடத்தில் எங்கே இருந்தால் என்ன என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. தம்பி விளக்கினான். அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ். கடல் தெரியும், இரவு முழுக்க சத்தம், எங்கே திரும்பினாலும் கட்டுமான பாரந்தூக்கி. ஓர் அறைக்கே சம்பளத்தில் பாதி போகும். கோசோ என்ற பக்கத்துத் தீவில் அதே காசுக்கு முழு வீடே கிடைக்கும், வயல், அமைதி. ஆனால் படகு 25 நிமிடம், இரண்டு பக்கமும் பேருந்து, காற்று பலமாக வீசும் நாளில் படகு நிற்கலாம். நடுவில் பிர்கிர்காரா, மோஸ்டா மாதிரி உள்ளூர்க்காரர்கள் வாழும் ஊர்கள். அங்கே குடியிருப்பவர் அட்டை வாங்கிக்கொண்டால் 2022 அக்டோபரிலிருந்து பேருந்து இலவசம்.

பிரிட்டிஷ்காரர்கள் 1964 வரை ஆண்ட நாடு. அதனால் சாலையில் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், மின்சாரப் பிளக்கும் நம்முடைய அதே மூன்று முள். அம்மா கொடுத்தனுப்பிய ரைஸ் குக்கர் நேராகப் போய் சுவரில் உட்கார்ந்துகொண்டது. மால்டிய மொழி அரபியின் உறவு. உலகத்துக்கு 'டின்யா' என்கிறார்களாம், மலாயில் 'டுனியா'. இதைக் கேட்டதும் அம்மாவுக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

மீதிப் பயத்துக்குக் கேள்விகள் இருந்தன. "தண்ணி எங்கிருந்து வருது?" பாதிக்கு மேல் கடல் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் வருகிறது, குடிக்கப் பெரும்பாலும் போத்தல் வாங்குகிறார்கள். "சுவரு ஈரம் கட்டுமா?" கட்டும். அங்கே வீடுகள் சுண்ணாம்புக் கல், குளிர்காலத்தில் உள்ளே ஓதம் ஏறும், வடக்குப் பார்த்த அறை என்றால் இன்னும் மோசம். "பக்கத்து வீட்ல யாரு?" இதற்குத் தம்பியிடம் பதில் இல்லை. இணையத்தில் வீட்டுப் படங்கள் இருபது இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் படம் இருக்காது.

அவனுக்கு முதலில் பிடித்தது பிர்கிர்காராவில் ஒரு வீடு. விலை குறைவு, பெரிய பால்கனி. கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டான். "மழை பெஞ்சப்ப போய்ப் பார்த்தியாடா?" என்று அம்மா கேட்டார். அங்கே கோடையில் மழையே கிடையாது. அக்டோபர் கடைசியில் முதல் பெருமழை வந்தது. அன்று வேலை முடிந்து நேராகப் போயிருக்கிறான். பள்ளத்தாக்குச் சாலை என்று ஒன்று. மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீரெல்லாம் அதன் வழியாகக் கீழே இம்சீடா பக்கம் ஆறாக ஓடுகிறது. கார் சக்கரம் முக்கால் முங்கியிருக்கிறது. வீடியோ எடுத்து அனுப்பினான். அப்பாவின் ரெயின்கோட்டை நாங்கள் யாரும் பேச்சில் எடுக்கவில்லை. அம்மா மட்டும் அந்த வீடியோவை மறுபடி மறுபடி பார்த்தார்.

கடைசியில் மோஸ்டா. அங்கே பெரிய குவிமாடம் வைத்த தேவாலயம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9-ல், உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தபோது, ஜெர்மானியக் குண்டு ஒன்று குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. வெடிக்கவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "அப்போ அந்த ஊர்ல சாமி இருக்கு" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். தம்பியின் காரணங்கள் வேறு. முதல் மாடி, தெற்குப் பார்த்த சன்னல், அலுவலகத்துக்கு ஒரே பேருந்து. கீழே ரொட்டிக் கடை நடத்தும் பாட்டி, சில்லறை இல்லாதபோது "நாளைக்குக் கொடு" என்று சொன்னாராம்.

ஒன்றை மட்டும் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மோசமான வீடாக இருந்தால் அவன் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வந்துவிடுவான். ஓதம் இல்லாத, வெள்ளம் வராத, கடன் கொடுக்கும் கடை உள்ள வீடாக இருந்தால் ஏன் வருவான்? அம்மாவுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்துகொண்டுதான் அவ்வளவு கேள்வியும் கேட்டார். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "இருக்கிற வரைக்கும் நல்லா இருக்கட்டும்" என்றார். யாரைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

அவன் எடுத்தது இரண்டு அறை வீடு. தனி ஆளுக்கு எதற்கு இரண்டு அறை என்று கேட்டேன். "அம்மாவுக்கு" என்றான். மலேசியப் பாஸ்போர்ட் இருந்தால் விசா இல்லாமல் 90 நாள் வரை தங்கலாம். அம்மாவுக்கு 68 வயது. வாழ்நாளில் பாஸ்போர்ட் எடுத்ததில்லை, தாத்தா வந்த கடலைத் தாண்டிப் போனதும் இல்லை. அடுத்த வாரம் குடிநுழைவு அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறேன். அங்கேயே படம் எடுப்பார்கள், அடர்நிற உடை போட்டுக்கொண்டு வர வேண்டும் என்றேன். அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாளாக நிற்கிறார். அடர்நிறத்தில் அவரிடம் இருப்பது ஒரே ஒரு சேலை, அது அப்பா வாங்கித் தந்தது.