நீலப் பட்டைக்காரர்

பெரியவர் வண்டிக் கூரையின்மேல் குப்புறப் படுத்திருக்கிறார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். முகத்துக்கு நேரே காற்றுப்போக்கி. அதைச் சுற்றியிருந்த பழைய பூச்சு வெயிலில் வெடித்துப் பொருக்குத் தட்டிவிட்டது. தகடு ஒன்றால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்கிறார். ரப்பர் விரிப்புக் கூரை. அவசரப்பட்டுச் சுரண்டினால் கிழிந்துவிடும். பெயர்த்த இடத்தை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, புது சீலன்ட்டைப் பிதுக்குகிறார். அது தானாகவே பரவி, திருகாணிகளின் தலையை மூடி நிற்கிறது. அடுத்த பக்கத்துக்கு வயிற்றாலேயே நகர்கிறார்.

கீழே நின்று அவர் மனைவி மேற்கு வானத்தைப் பார்க்கிறார்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"ஒண்ணுதான். மேகம் எங்க இருக்கு?"

"நீங்க அதைப் பாக்காதீங்க. வேலையைப் பாருங்க."

வடக்கு டகோட்டாவின் ஃபோர்ட் ரான்சம் பூங்கா. ஜூலை மாதம். ஷையென் ஆறு வளைந்து போகும் பள்ளத்தாக்கு. இரு பக்கச் சரிவிலும் ஓக் மரங்கள். ஃபார்கோவிலிருந்து வந்து அவர்களுக்கு அடுத்த இடத்தில் கூடாரம் போட்டிருக்கிறேன். அவர்கள் என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். எங்களுக்குள் பேச்சு அத்தோடு சரி. மிச்சமெல்லாம் பார்த்ததும் காதில் விழுந்ததும்.

அவர்களுடைய மோட்டார் ஹோம் முன்பாதி ஃபோர்டு வேன், பின்பாதி வீடு. இருபது வருஷத்துக்குக் குறையாத வண்டி. பின்மூலையில் பக்கச்சுவர் லேசாக உப்பியிருக்கிறது; எப்போதோ உள்ளே இறங்கிய தண்ணீர் மரச்சட்டத்தை ஊறவைத்து, மேல்தகட்டைப் பிரித்துவிட்ட அடையாளம். இந்த மாதிரி வண்டிகளை எஞ்சின் கொல்வதைவிடத் தண்ணீர் கொல்வதுதான் அதிகம். எஞ்சினுக்கு மெக்கானிக் கிடைப்பார். கூரையில் மயிரிழை விரிசல் விழுந்தால் அது வெளியே தெரிவதற்குள் சட்டம் மக்கிப்போகும். அதனால்தான் எழுபது வயதுக்காரர் வெயிலில் கூரைமேல் படுத்துக் கிடக்கிறார்.

வண்டியின் பின்னால் சிறிய கார் ஒன்று. நிறம் வெளிறி, கதவடியில் துரு. கையால் கியர் போடும் பழைய மாடல். இவர்களுக்கு அது வசதி: கியரை நியூட்ரலில் விட்டு, முன்னால் இழுவைக் கம்பியை மாட்டினால் நாலு சக்கரமும் தரையிலேயே உருண்டு பின்னால் வரும். கியரை இயந்திரமே மாற்றிக்கொள்ளும் புதுக் கார்கள் பலவற்றை அப்படி இழுத்தால் கியர்பெட்டி கெட்டுவிடும். புதுக் கார் வாங்கக் காசு இருந்தாலும் இவர்கள் இதை விடமாட்டார்கள் என்று தோன்றுகிறது.

இரண்டு வண்டியும் இவர்களுக்குத் தேவை. தடத்தின் ஒரு முனையில் காரை நிறுத்திவிட்டு, பெரிய வண்டியில் மறுமுனைக்கு வந்து அங்கிருந்து நடக்கிறார்கள். நடந்து முடித்த இடத்தில் கார் காத்திருக்கிறது. அதில் ஏறி வீட்டுக்குத் திரும்புகிறார்கள். மறுநாள் அடுத்த துண்டு. முதுகில் கூடாரம் சுமக்க முடியாத வயதில் நெடுந்தடத்தை நடக்க இது நல்ல வழி. சரளைக்கல் சாலைகளில் பெரிய வண்டி திரும்ப இடம் இருக்காது. அங்கே கார்தான் போகும்.

அவர்கள் நடக்கும் தடத்தின் பெயர் நார்த் கன்ட்ரி டிரெயில். 1980-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஏற்ற தேசிய நடைத்தடம். கிழக்கே வெர்மான்ட்டில் தொடங்கி எட்டு மாநிலங்களைக் கடந்து, இந்த மாநிலத்தின் சகாகவியா ஏரிக்கரையில் முடிகிறது. ஏறத்தாழ 4,800 மைல். உலகமே பெயர் சொல்லும் அப்பலாச்சியன் தடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 2023 டிசம்பரில்தான் தேசியப் பூங்கா அமைப்பின் உறுப்பாக இதை முழுமையாக ஏற்றார்கள். பெயர் தெரிந்தவர்கள் இன்றும் குறைவு. பனி மூடிய சிகரத்தின் படம் போட்டு ஆள் கூப்பிட இங்கே சிகரம் இல்லை. ஐ-94 நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இந்த மாநிலத்தைத் தட்டை வயல் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். சாலையிலிருந்து சற்றுத் தெற்கே இறங்கினால் இந்தப் பள்ளத்தாக்கு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அது ஆதங்கம். அந்த அம்மாவுக்கு அது வேலை.

கூரை வேலை முடிவதற்குள் அவர் மடக்குமேசையை விரித்துவிட்டார். வரைபடங்கள், துண்டறிக்கைகள், ஒரு சிறு நீலப் பெயின்ட் டப்பா. டப்பா எதற்கு என்பது ஒரு சிறுவன் கேட்டபோது தெரிந்தது. தடம் போகும் வழியில் மரங்களில் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் நீலப் பட்டை அடித்திருக்கும். ஒரு பட்டை என்றால் நேரே போ. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் வழி திரும்புகிறது. மேல்பட்டை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம். மரமே இல்லாத புல்வெளியில் கம்பம் நட்டு அதில் அடிப்பார்கள்.

"இந்தத் தாத்தாதான் எல்லாத்துக்கும் அடிச்சாரா?" என்று சிறுவன் கூரையைக் காட்டினான்.

"எல்லாத்துக்கும் இல்லப்பா. அவரை மாதிரி நிறைய பேர் இருக்காங்க."

சிறுவனின் தாய் எங்கே போகலாம் என்று கேட்கிறார். நான் கவனித்துக் கேட்டேன். அழகு, அற்புதம் என்ற சொல் ஒன்றுகூட அந்த அம்மா வாயிலிருந்து வரவில்லை. ஷையென் மாநிலக் காட்டுக்குள் தடத்தையொட்டி ஒரு சிறு அருவி இருக்கிறது. வடக்கு டகோட்டாவில் பதிவான இயற்கை அருவி அது ஒன்றுதான். பெரிய அருவி என்று நினைத்துப் போகாதீர்கள் என்கிறார். கார் எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் சேறு, எந்தப் பாலத்தில் பலகை ஆடுகிறது, எல்லாம் சொல்கிறார். உண்ணி இருக்கும், கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் குழந்தையின் முழங்கால் பின்புறத்தைப் பாருங்கள்.

பிறகு, இன்னும் நடக்க ஆசையிருந்தால் என்று கிழக்கே புல்வெளியைப் பற்றிச் சொன்னார். ஷையென் தேசியப் புல்வெளி, சுமார் 70,000 ஏக்கர். 1930-களின் வறட்சியில் உழவர்கள் கைவிட்ட நிலத்தை அரசு வாங்கிப் புல்லுக்கே திருப்பிக் கொடுத்த இடம். இந்த மாதத்தில் அங்கே வெண்ணிற ஆர்க்கிட் பூக்கும். அருகி வரும் இனம். இரவில் வரும் பருந்துவிட்டில்கள்தான் அதற்கு மகரந்தம் சேர்க்கின்றன. "பூவைப் பாருங்க, பக்கத்துல மிதிக்காதீங்க. நிழல் கிடையாது. தண்ணி கிடையாது. கையில கொண்டு போங்க."

ஒரு தடத்தை ஊருக்குச் சொல்வது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏமாந்து திரும்பும் ஒருவர் பத்துப் பேரைத் தடுப்பார். எதிர்பார்த்தது கிடைத்தவர் மறுபடி வருவார். வரும் வழியில் லிஸ்பனிலோ வேலி சிட்டியிலோ பெட்ரோல் போடுவார், சாப்பிடுவார். இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட்ட இந்தச் சிற்றூர்களில் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்திருப்பதற்கு அந்தச் சில மேசைகள் கணக்கில் வரும்.

பெரியவர் இறங்கி வந்து டயர்களைச் சுற்றிப் பார்க்கிறார். தேய்மானம் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் நாலு இலக்கங்களைத் துடைத்துப் படிக்கிறார்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஓடாமல் நிற்கும் வண்டியின் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகி வெடிக்கும். படித்துவிட்டு மனைவியைப் பார்த்தார். "இந்த வருஷம் தாங்கும்" என்றார். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. இந்தக் கவலையில் நானும் சேர்ந்துகொண்டேன். பெரிய வண்டிக்கு ஆறு டயர், எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுவது ஓய்வூதியக்காரர்களுக்குச் சின்னச் செலவு அல்ல.

மழை இரவில் வந்தது. காற்றோடு, கொஞ்சம் ஆலங்கட்டியோடு. என் கூடாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வண்டிக்குள் விளக்கு எரிந்தது. டார்ச் வெளிச்சம் கூரையின் ஒவ்வொரு மூலைக்கும் போய் நின்று நின்று நகர்ந்தது. காலையில் அந்த அம்மா வாணலியில் பிடித்த தண்ணீரை வெளியே கொட்டினார்.

"காத்துப்போக்கி தாங்கிடுச்சு. படுக்கை ஜன்னல்தான் ஒழுகுது."

பெரியவர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். சீலன்ட் குழாய்களும் நீலத்துக்கான பிரஷ்ஷும் கிளை நறுக்கும் கத்தரியும் அதில் ஒன்றாகக் கிடந்தன.

அப்போதுதான் பிக்கப் வண்டியில் பண்ணைக்காரர் வந்தார். கோபமாக வந்தார். தடம் அவர் நிலத்தின் ஓரமாகப் போகிறது. இந்தத் தடத்தின் பல துண்டுகள் தனியார் நிலத்தின்மேல் உரிமையாளரின் சம்மதத்தால்தான் இருக்கின்றன. ஒருவர் மறுத்தால் அந்தத் துண்டு சாலையோரத்துக்குத் தள்ளப்படும். நடந்து போன யாரோ வேலிக்கதவைத் திறந்து போட்டுவிட்டார்கள். மாடுகள் பக்கத்து வயலில்.

"இன்னொரு தடவை நடந்தா இந்த வழியே வேணாம். உங்க மேல மரியாதை இருக்கு, அதனாலதான் நேர்ல சொல்ல வந்தேன்."

பெரியவர் மறுத்துப் பேசவில்லை. யார் செய்திருப்பார்கள் என்று ஊகிக்கவில்லை. எத்தனை மாடு, எல்லாம் கிடைத்ததா, எதற்காவது அடிபட்டதா என்று கேட்டார். பிறகு சொன்னார்: "கதவே வேண்டாம். ஆள் மட்டும் வளைஞ்சு போற மாதிரி சந்து விடலாம். மரம் நான் வாங்கிட்டு வரேன். நீங்க இடத்தைக் காட்டுங்க."

பண்ணைக்காரர் உடனே பதில் சொல்லாமல் காரின் முன்பக்கம் குனிந்தார். இழுவைக் கம்பி மாட்டும் தாங்கியில் ஒரு வெல்டு விட்டிருந்தது. விரலால் தடவிப் பார்த்தார்.

"இதோடயா இழுத்துட்டு வந்தீங்க?"

"நேத்துதான் பார்த்தேன்."

"என் ஷெட்ல வெல்டிங் இருக்கு. கொண்டு வாங்க." கொஞ்சம் நிறுத்தி, "சந்து எவ்வளவு அகலம்?" என்றார்.

பெரியவர் உள்ளே போய்த் தன் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு வந்து, பிக்கப்பின் பின்கதவுக்கும் காரின் பம்பருக்கும் நடுவே நின்றார். பண்ணைக்காரர் காரை நியூட்ரலில் விட்டுக் கையால் தள்ளி, பை உரசாத அளவுக்கு நெருக்கினார். டேப் பிடித்து அளந்தார்.

"குழந்தையை முதுகுல தூக்கிட்டு வர்றவங்களும் இருக்காங்க" என்றார் அந்த அம்மா.

"அகலம் விட்டா கன்னுக்குட்டி புகுந்துடும்மா."

"அப்ப திருப்பத்தைக் கூட்டுங்க. கன்னுக்குட்டி திரும்பாது, ஆள் திரும்பிடுவாங்க."

பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு பிக்கப்பின் கதவைத் திறந்து, வரைவதற்கு ஒரு துண்டு அட்டையைத் தேடினார்.