குளவிகளைச் சுமக்கும் ட்ரோன்



ட்ரோன் என்றால் உங்களில் சிலருக்குத் திருமண வீட்டின்மேல் சுற்றும் காமிரா நினைவுக்கு வரும். நிலம் வைத்திருப்போருக்கு மருந்து தெளிக்கும் இயந்திரம் நினைவுக்கு வரும். (நஞ்சை மருந்து என்று அழைக்கும் நமது பழக்கத்தைக் குறித்துத் தனியே ஒரு வாரம் எழுதலாம்.) அதே இயந்திரம் உயிருள்ள குளவிகளைச் சுமந்துசென்று வயலில் விடுகிறது என்பதை அறிவீர்களா?

பிரேசிலின் கரும்புத் தோட்டங்களில் இவ்வேலை நடைபெறுகிறது. அங்கே பயிரைக் கெடுப்பது தண்டைத் துளைத்து உள்ளே வாழும் ஒரு புழு. தண்டுக்குள் புகுந்துவிட்ட புழுவை மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டுவதில்லை. எட்டக்கூடியது கொட்டேசியா பிளாவிப்பஸ் என்னும் குளவி. நம் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவியை எண்ணிக்கொள்ளாதீர்கள். இதன் நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே. புழு குடைந்த வழியே பெண் குளவி உள்ளே ஊர்ந்துசென்று, புழுவின் உடலுக்குள் முட்டையிடுகிறது. அந்த ஒடுங்கிய பாதையில் புழு திரும்பிக் கடிப்பதால், முட்டையிடச் சென்ற தாய் அங்கேயே மடிவதும் பலமுறை நிகழ்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அதன் இளம்புழுக்கள் புழுவின் உடலிலிருந்து வெளிவந்து, பஞ்சுத் திரள்போல வெண்கூடுகளைப் பின்னுகின்றன. கரும்பைத் துளைத்த புழு மாண்டுபோகிறது.

இக்குளவி ஆசியாவைச் சேர்ந்தது. 1970-களில் பிரேசிலுக்குக் கொண்டுசெல்லப்பட்டவற்றில் இந்தியாவிலிருந்து சென்றவையும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த குளவிகளை ஹெக்டேருக்கு ஏறத்தாழ 6,000 என்ற கணக்கில் விடுவார்கள். பல ஆண்டுகளாகத் தொழிலாளர்களே குளவிக் கோப்பைகளை ஏந்தி, பயிருக்குள் நடந்து, குறித்த இடங்களில் திறந்துவைத்தார்கள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்புக்குள் நடப்பது எப்படியென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோகை கையையும் முகத்தையும் அறுக்கும். குளவியோ வெகுதூரம் பறக்காது; ஆகையால் வரப்பில் நின்று திறந்துவிட்டுத் திரும்பவும் இயலாது. அந்த இடத்தில்தான் ட்ரோன் உதவுகிறது. கூடுகளைச் சீரான இடைவெளியில் மேலிருந்து போட்டுக்கொண்டே செல்கிறது. நடந்து கூலி பெற்றவர்களின் வேலை இதனால் குறைகிறது என்பதையும் மறைக்கலாகாது. அந்தக் கூலிக்கு மாற்று என்ன என்று கேளாமல் இயந்திரத்தை மட்டும் புகழ எனக்கு மனமில்லை.

சுமப்பதும் போடுவதும் மட்டுமே ட்ரோனின் பங்கு. நண்பகல் வெயிலில் போட்டால் குளவிகள் பிழைப்பது அரிது. தரையில் விழுந்த கூட்டை எறும்பு இழுத்துச் செல்லும். (சோம்பேறியை எறும்பினிடம் கற்றுக்கொள்ள அனுப்பினார் சாலொமோன், குளவி விடுவோருக்கோ அந்தச் சுறுசுறுப்பே தொல்லை.) சற்றுமுன் அவ்வயலில் நஞ்சு தெளித்திருந்தால் அத்தனையும் வீண்.

யாத்திராகமம் 23-ஆம் அதிகாரத்தில், குளவிகளை முன்னே அனுப்புவதாகத் தேவன் உரைக்கிறார். அந்த எபிரெயச் சொல்லுக்குத் திகில் என்று பொருள்கொள்ளும் அறிஞரும் உண்டு. நம் வேதாகமம் குளவி என்றே தருகிறது. அது போரைக் குறித்த பகுதி. பயிர்ப் பாதுகாப்புக்கு அதை இழுத்துப் பொருத்த நான் துணியேன். ஆயினும் அடுத்த வசனங்களை வாசித்துப் பாருங்கள். ஒரே வருடத்தில் அனைவரையும் துரத்தினால் தேசம் பாழாகிக் காட்டுமிருகங்கள் பெருகும் என்பதால், சிறுகச் சிறுகவே அது நடக்கும் என்கிறார். வெறுமையாக்கப்பட்ட நிலத்தில் எது பெருகும் என்பதை அறிந்த பேச்சு அது. பூச்சிக்கொல்லி புழுவோடு அதன் எதிரிகளையும் கொன்றபின், புழு முன்னிலும் அதிகமாகத் திரும்பி வருவதை வேளாண் அறிஞர்கள் பல பயிர்களில் கண்டிருக்கிறார்கள்.

2023-இல் ஒப்புதல் பெற்ற நமோ ட்ரோன் தீதி திட்டம், 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்குவதற்கானது. உரமும் பூச்சிமருந்தும் தெளிப்பதே அங்கு முதன்மையான வேலை. அப்பயிற்சிக்குச் செல்லும் சகோதரிகள் இதை வாசித்தால், இந்த இயந்திரத்தில் வேறு எதையும் ஏற்ற முடியுமா என்று அங்கே கேளுங்கள்.

கரும்பு வைத்திருக்கும் குடும்பங்கள் ட்ரோனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதிலிருந்து வெளிவரும் குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இராது. இடைக்கணுப் புழுவின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இட்டுவிடும். நான்காம் மாதம் தொடங்கி 15 நாள் இடைவெளியில் ஆறு முறை விடவேண்டும். அட்டையைத் துண்டுகளாக வெட்டி, வெயில் தாழ்ந்தபின் தோகையின் அடிப்புறத்தில் குத்துங்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதற்கடுத்த நாளும் தெரியாது. அந்நாள்களில் பக்கத்து வயல்காரர் தெளிப்பானோடு இறங்குவதைக் கண்டால், உங்கள் கையும் தெளிப்பானைத் தேடும். காற்று உங்கள் பக்கம் அடித்தால் அவர் தெளித்ததே போதும், உங்கள் அட்டை பயனற்றுப்போக. ஆகவே அட்டை வாங்கச் செல்லுமுன் அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.