மீட்டெடுப்புப் புள்ளி: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியது

எங்கள் தோட்டப்புற மாணவர் பலரின் வீட்டில் ஒரே ஒரு கணினிதான் உண்டு. அண்ணன் விளையாட்டு நிறுவுவான். அக்காள் இடுபணி தட்டச்சு செய்வாள். தந்தையார் மின்கட்டணம் செலுத்துவார். புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கையில் மாலை இடிமழையால் மின்சாரம் தடைபட்டால், மறுநாள் அக்கணினி திறக்க மறுக்கலாம்.

சென்ற ஆண்டு பெற்றோர் சந்திப்பில் ஒரு தாயார் கண்கலங்கினார். பழுதான கணினியைக் கடையில் கொடுத்திருக்கிறார். அங்கே வன்தட்டை முழுவதுமாக அழித்து, விண்டோசை மீண்டும் நிறுவித் தந்துவிட்டனர். மகனின் படிவம் மூன்று இடுபணியும், மறைந்த மாமனாரின் நிழற்படங்களும் போயின. இதனை இரண்டு வழிகளில் தவிர்த்திருக்கலாம். அவ்விரண்டும் வேறு வேறு என்பதை விளக்கவே இதனை எழுதுகிறேன்.

முதலாவது, மீட்டெடுப்புப் புள்ளி. கணினியின் அமைவுக் கோப்புகள், இயக்கிகள், நிறுவிய மென்பொருள்கள் ஆகியவை ஒரு நாளில் எந்நிலையில் இருந்தன என்பதன் பதிவு அது. 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் மீ பதிப்பில் இவ்வசதி அறிமுகமாயிற்று. நாங்கள் பயிற்சிக் கல்லூரியில் பயன்படுத்திய எக்ஸ்பி, நாள்தோறும் தானாகவே புள்ளி அமைத்தது. அதற்காக வன்தட்டில் 12 விழுக்காடு வரை எடுத்துக்கொண்டது. விண்டோஸ் 10, 11 உள்ள பல கணினிகளிலோ இப்பாதுகாப்பு தொடக்கத்தில் முடக்கப்பட்டே இருக்கிறது. நாமே இயக்க வேண்டும்.

தேடல் கட்டத்தில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்' என்பதைத் தேடித் திறவுங்கள். 'சி' வட்டைத் தேர்ந்தெடுத்து, 'கான்ஃபிகர்' பொத்தானை அழுத்திப் பாதுகாப்பை இயக்குங்கள். கீழேயுள்ள கோட்டை நகர்த்தி 5 விழுக்காடு ஒதுக்கலாம். 256 கிகாபைட் வட்டில் அஃது ஏறக்குறைய 13 கிகாபைட். இடம் நிறைந்ததும் மிகப் பழைய புள்ளி தானாகவே நீங்கும். 2024ஆம் ஆண்டின் விண்டோஸ் 11 பதிப்பு, புள்ளிகளை 60 நாள் வரையே வைத்திருக்கும். ஆகவே, புதிய மென்பொருளை நிறுவுமுன் 'கிரியேட்' பொத்தானை அழுத்தி, நாமே ஒரு புள்ளி அமைப்பது நன்று. 'கான்ஃபிகர்' சாளரத்திலுள்ள 'டிலீட்' பொத்தான் எல்லாப் புள்ளிகளையும் அழித்துவிடும். பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

பழைய புள்ளிக்குத் திரும்பினால், அதற்குப் பின் நிறுவிய மென்பொருள்கள் நீங்கும். அப்புள்ளிக்குப் பின் முரசு அஞ்சலை நிறுவியிருந்தால் அதனையும் மீண்டும் நிறுவ நேரிடும். எவை நீங்கும் என்பதைக் கணினியே முன்கூட்டிப் பட்டியலிட்டுக் காட்டும். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாம் எழுதிய கட்டுரைகளும் படங்களும் இருந்தபடியே இருக்கும்.

ஆயினும், அழிந்துபோன கட்டுரையை மீட்டெடுப்புப் புள்ளி திருப்பித் தராது. வன்தட்டே பழுதானால் புள்ளிகளும் அதனுடன் போய்விடும். எனவே இரண்டாவது வழி, படியெடுத்து வைத்தல். முக்கியக் கோப்புகளை விரலியிலோ வெளிவட்டிலோ மாதம் ஒருமுறை படியெடுத்து, கணினியிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். கடைக்குக் கொடுக்கும்போது, "கோப்புகளைப் படியெடுக்காமல் எதையும் அழிக்காதீர்கள்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

ஆசிரியர்களே, வகுப்பறை மதிப்பீட்டுப் பதிவுகளுக்கும் இது பொருந்தும். வரும் பள்ளி விடுமுறையின் முதல் நாளில் அரை மணி நேரம் ஒதுக்கிப் பிள்ளையை அருகில் அமர்த்திச் செய்து பாருங்கள். அடுத்த முறை அவர்களே செய்வார்கள்.