தோட்டத்திற்கு வரும் நரி

தமிழ்க் குழந்தைகள் முதன்முதலில் அறிந்துகொள்ளும் காட்டு விலங்குகளுள் நரியும் ஒன்று. காக்கையை ஏமாற்றி வடையைக் கவர்ந்த நரி, எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்று இகழ்ந்த நரி எனக் கதைகளின் வழியாகவே அது வீட்டிற்குள் நுழைகிறது. கேரளத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்பெயரில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் ‘நரி’ எனப்படும் விலங்கை வகுப்புத் தோழர்கள் ‘குறுக்கன்’ என்பர். வட கேரள வழக்கிலோ ‘நரி’ என்பது புலியைக் குறிக்கும். “எங்கள் தோட்டத்திற்கு நேற்றிரவு நரி வந்தது” என்று ஒரு பிள்ளை கூறினால், மலபாரிலிருந்து வந்த தோழன் அஞ்சி நடுங்கக் கூடும். எனினும், ‘குறுநரி’ என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் ஒருங்கே வழங்குகிறது.

பெயரைப் போலவே விலங்கிலும் குழப்பம் உண்டு. தமிழர் ‘நரி’ என்றும் ‘குள்ளநரி’ என்றும் கூறுவது இருவேறு விலங்குகளை. ஒன்று, வறண்ட புல்வெளிகளிலும் திறந்த சமவெளிகளிலும் வாழும் இந்திய நரி. அது மெலிந்த உடலும், உடல் நீளத்தில் பாதிக்கு மேற்பட்ட அடர்ந்த வாலும் உடையது. மற்றொன்று அதனினும் பெரியது. ஏறத்தாழ 8 முதல் 10 கிலோ எடையுள்ளது. குட்டையான வாலும் பழுப்புப் பொன்னிற மயிரும் கொண்டது. அறிவியலார் இதனைக் ‘கேனிஸ் ஆரியஸ்’ என்பர். நாயும் ஓநாயும் இதற்கு நெருங்கிய உறவு. மழை மிகுந்த திருவனந்தபுரத்தின் வீட்டுத் தோட்டங்களுக்கு வருவது இந்தப் பொன்னிற நரியே.

திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான நிலம். கிழக்கே அகத்தியமலைத் தொடர், மேற்கே அரபிக்கடல்; இடையில் செம்மண் குன்றுகள், தென்னந்தோப்புகள், ரப்பர்த் தோட்டங்கள், ஏலா எனப்படும் வயல்வெளிகள். இங்குள்ள பழைய வீடுகள் தெருவோடு ஒட்டி நிற்பதில்லை. ஒவ்வொரு வீட்டையும் சூழ்ந்து ஒரு பறம்பு இருக்கும். அதில் தென்னை, பலா, மா, கமுகு, மரச்சீனி ஆகியவை நெருங்கி வளரும். ஒரு பறம்பு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும். இடையில் கல் அடுக்கிய கயாலையோ, செடி வேலியோ மட்டுமே இருக்கும். நரிக்கு இவை தடையல்ல. குன்றின் புதரில் பகலைக் கழித்து, இரவில் பறம்பு வழியாகப் பறம்பு கடந்து, வயல் வரை சென்று மீள்வதற்கு அதற்கு ஒரு வழி கிடைத்துவிடும்.

ஸ்ரீகாரியத்தை அடுத்த குன்றுச் சரிவில், நாகர்கோவிலிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் வீடு இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சிப் பகுதிக்குள், முதலில் திருவிதாங்கூரிலும் பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியிலும், விளங்கியவை. அதனால் அவ்வீட்டு ஆச்சிக்கு இவ்வூர் அயலூராகத் தோன்றியதில்லை. மரச்சீனியை அங்கும் மரச்சீனி என்றே கூறினர். ஏலாவை ஏலா என்றே கூறினர். நரியின் ஊளையும் அவருக்குப் பழகிய ஒலியே. நாஞ்சில் நாட்டு வயல்களில் நண்டு தேடி வந்த நரிகளைச் சிறுமியாக இருந்தபோதே அவர் கண்டிருக்கிறார்.

ஏழாம் வகுப்பில் பயிலும் அவருடைய பேத்திக்கு அது புதுமை. ஒரு வேனிற்கால இரவில், பின்கட்டு விளக்கை அணைத்துவிட்டு, இருவரும் சாளரத்தின் அருகே அமர்ந்தனர். நெடுநேரம் ஒன்றும் புலப்படவில்லை. பிறகு கயாலையின் மேல் ஒரு நிழல் அசைந்தது. நரி உடனே தோட்டத்திற்குள் இறங்கிவிடவில்லை. நின்றது, காதுகளை முன்னும் பின்னும் திருப்பியது, காற்றை முகர்ந்தது. அதன்பின்னரே கீழே இறங்கிற்று. சற்று இடைவெளி விட்டு மற்றொன்றும் வந்தது. முந்தியது பலா மரத்தடிக்குச் சென்று, விழுந்து வெடித்துக் கிடந்த பழத்தின் சுளைகளைப் பற்களால் இழுத்துத் தின்றது. பிந்தியது சருகுக் குவியலின் முன் அசையாமல் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டது. திடீரென முன்கால்களை உயர்த்தித் துள்ளிப் பாய்ந்தது. அதன் வாயில் ஓர் எலி துடித்தது.

அன்று முதல் பேத்தி ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்கினாள். நரி வந்த நேரம், வந்த திசை, தின்ற பொருள் ஆகியவை அதில் இடம்பெற்றன. பலாப்பழம், மாம்பழம், எலி, ஓணான், வண்டு என்று பட்டியல் நீண்டது. மழை தொடங்கியபின் வாய்க்காலோரத்து நண்டும் தவளையும் சேர்ந்தன. காட்டு விலங்கு என்றால் இறைச்சி மட்டுமே தின்னும் என்று எண்ணியிருந்தவளுக்கு அப்பட்டியலே ஒரு பாடமாயிற்று. இரண்டு நரிகளும் பெரும்பாலும் இணையாகவே வந்தன. ஆணும் பெண்ணும் நீண்டகாலம் இணைபிரியாது வாழ்வது இவ்விலங்கின் இயல்பு. பெண் நரி ஏறத்தாழ இரண்டு திங்கள் கருவைச் சுமந்து, வளையில் குட்டிகளை ஈனும். இரை கொணர்ந்து குட்டிகளை ஊட்டுவதில் தந்தைக்கும் பங்குண்டு. சில வேளைகளில் முந்திய ஆண்டில் பிறந்தவை பெற்றோருடனேயே தங்கி, தம்பி தங்கையரை வளர்க்க உதவும். அந்தி நேரத்தில் ஒரு நரி ஊளையிட மற்றவை தொடர்வதும் குடும்பத்தார் ஒருவரையொருவர் அழைத்து, தம் எல்லையை அறிவிக்கும் முறையே.

ஒருநாள் இரவு உணவில் மீன் குழம்பும் சோறும் எஞ்சின. பேத்தி அதனை ஓர் இலையில் எடுத்துக்கொண்டு பலா மரத்தடிக்குப் புறப்பட்டாள். ஆச்சி தடுத்தார்.

“பாவம் ஆச்சி, பசியோடுதானே வருகிறது?” என்றாள் சிறுமி.

“பசிக்கு இரை தேட அதற்குத் தெரியும், மக்களே. இன்று நீ சோறு வைப்பாய். நாளை உனக்குத் தேர்வு வரும், மறந்துவிடுவாய். அது அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கும். அங்கே அதற்குச் சோறா விழும்? கல்தான் விழும்.”

சிறுமி இலையுடன் வாசற்படியிலேயே நின்றாள். ஆச்சி கூறியதில் உண்மை இருந்தது. மனிதரிடம் உணவு பெற்றுப் பழகிய விலங்கு அச்சத்தை இழந்துவிடும். அந்த அச்சமே அதன் காவல். அச்சம் நீங்கிய நரி பகலிலும் வாசல்களை நாடும், குப்பைக் குவியலைச் சுற்றும், கோழிக்கூட்டை முட்டும், தெருநாய்களோடு மோதும். நாய்களிடமிருந்து வெறிநோய் நரிக்கும், நரியிடமிருந்து நாய்க்கும் மனிதருக்கும் பரவக்கூடும். ஆகையால் எக்காரணம் கொண்டும் நரியை நெருங்குதல் கூடாது. பட்டப்பகலில் தள்ளாடியோ, அச்சமின்றியோ மனிதரை நோக்கி வரும் நரி நோயுற்றதாக இருக்கலாம். பிள்ளைகள் உடனே வீட்டிற்குள் சென்று பெரியவர்களிடம் தெரிவித்தல் வேண்டும். பெரியவர்கள் வனத்துறைக்கு அறிவிப்பர். கடியோ கீறலோ ஏற்பட்டால், புண்ணை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் இன்றியமையாதது.

அன்று எஞ்சிய சோறு வீட்டிற்குள்ளேயே திரும்பியது. அடுத்த நாள் ஆச்சி கோழிக்கூட்டின் கம்பி வலையைச் சரிபார்த்து, கதவிற்குப் புதிய கொண்டி போடச் செய்தார். “கோழியை நாம் காக்கவில்லை என்றால், பழியை அது சுமக்கும்” என்பது அவர் கூறிய காரணம்.

நரியின்மீது மனிதர் சுமத்தியவை பழி மட்டுமல்ல. மாணிக்கவாசகரின் பொருட்டுச் சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கியதாகத் திருவிளையாடல் கூறும். வெயிலும் மழையும் ஒருங்கே வந்தால் காக்கைக்கும் நரிக்கும் திருமணம் என்பர் தமிழர். குறுக்கனுக்குத் திருமணம் என்பர் மலையாளிகள். கடல் கடந்த ஜப்பானிலும் அத்தகைய மழையை நரியின் திருமணம் என்றே கூறுவர். இவற்றால் நரிக்கு ஒரு தீங்கும் இல்லை. ஆனால் சில நம்பிக்கைகள் அதன் உயிருக்கே உலை வைக்கின்றன. ‘நரிக்கொம்பு’ வைத்திருந்தால் நல்வாய்ப்பு வரும் என்று நம்பி ஏமாறுவோர் உண்டு. நரிக்குக் கொம்பே கிடையாது. தோலையும் மயிரையும் கொண்டு செய்த போலிப் பொருளே அப்பெயரில் விற்கப்படுகிறது. நரி முகத்தில் விழித்தால் நன்மை உண்டாகும் என்னும் நம்பிக்கையால், சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பகுதிச் சிற்றூர்களில் பொங்கலை ஒட்டி வங்காநரியைப் பிடித்துவந்து ஓடவிடும் வழக்கம் இருந்துவந்தது. வங்காநரி என்பது முன்னர்க் கூறிய இந்திய நரியே. வனத்துறை அதனைத் தடைசெய்து, மீறியோருக்குத் தண்டம் விதித்துள்ளது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இருவகை நரிகளையும் வேட்டையாடுவதும் பிடித்து வைப்பதும் குற்றமாகும்.

ஆச்சியிடம் வேறொரு பழமொழி இருந்தது. நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பதே அது. சகுனம் பார்ப்போரைப் பார்த்துச் சொல்லப்பட்ட அப்பழமொழியில் நரிக்கும் ஒரு நீதி இருக்கிறது. அது நன்மையையும் கொண்டுவருவதில்லை, தீமையையும் கொண்டுவருவதில்லை. தன் வயிற்றுக்காகத் தன் வழியில் போகிறது.

அவ்வாறு போகும்போதே அது செய்யும் உதவி பெரிது. வயலையும் தோட்டத்தையும் அழிக்கும் எலிகளைத் தின்னும். இறந்து கிடக்கும் உயிரினங்களை அகற்றும். பழங்களைத் தின்று விதைகளை வேறிடங்களில் இடும். கூலி கேளாத துப்புரவாளர் என்று இதனைக் கூறினால் மிகையன்று.

அடுத்த ஆண்டு, கிழக்கே இருந்த பெரிய பறம்பு விற்கப்பட்டது. பலாவும் புதரும் அகற்றப்பட்டு, நிலம் நான்கு மனைகளாகப் பிரிக்கப்பட்டது. ஆளுயர மதில்கள் எழுந்தன. 1990இல் கழக்கூட்டத்திற்கு அருகில் டெக்னோபார்க் தொடங்கப்பட்ட பிறகு, நகரின் இப்பகுதி விரைந்து வளர்ந்தது. பல மாநிலங்களிலிருந்தும் பிழைப்புக்காக வந்தோருக்கு வீடுகள் தேவைப்பட்டன. ஆச்சியின் மகனும் அவ்வாறு வந்தவரே. ஆகவே மதில் எழுப்பியவரைக் குறைகூற அவ்வீட்டாருக்கு மனம் வரவில்லை. எனினும் நரிகள் வரவில்லை. குறிப்பேட்டில் பல நாள்கள் வெற்றிடமாகவே கழிந்தன. ஊளையும் தொலைவில் மட்டுமே கேட்டது.

அவ்வீட்டின் பழைய கயாலையும் ஒரு மழையில் சரிந்தது. அதற்கு மாற்றாக மதில் கட்டுவது என்று முடிவாயிற்று. வேலை தொடங்கும் நாளில், மேற்கு மூலையில் மழைநீர் வடிவதற்கு விடும் வழியைச் சற்று அகலமாக விடுமாறு ஆச்சி கொத்தனாரிடம் கூறினார். எவ்வளவு அகலம் என்று அவர் கேட்டார். ஆச்சி விடை கூறும் முன்னரே பேத்தி கைகளை விரித்துக் காட்டினாள். நரியின் தோள் அகலம் அவளுக்கு மனப்பாடம்.

மதில் எழுந்த பின் நாற்பது நாள் அளவில், குறிப்பேட்டில் மீண்டும் ஒரு வரி எழுதப்பட்டது: ‘இரவு ஒன்பது மணி. மேற்கு மூலை. ஒரு நரி மட்டும்.’

உலகின் பல நகரங்களில் இத்தகைய விருந்தினர் உண்டு. இலண்டனின் புறநகர்த் தோட்டங்களில் 1930களிலேயே செந்நரிகள் குடியேறத் தொடங்கின. மும்பையின் கழிமுகச் சதுப்புக்காடுகளில் பொன்னிற நரிகள் இன்றும் வாழ்கின்றன. வாழ்ந்த நிலம் சுருங்கும்போது, புதிய நிலத்தில் வழி தேடிக்கொள்வது உயிர்களின் இயல்பு. பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்கள் இதனை நன்கு அறியும். அவர்களுக்கும் ஒருகாலத்தில் யாரோ ஒருவர் சிறிது இடம் விட்டிருப்பார். நரிக்குத் தேவை சோறுமன்று, பெயர் சூட்டி வளர்க்கும் அன்புமன்று. மதிலில் ஒரு வழியும், இரவில் சிறிது இருளும், தொலைவில் நின்று பார்க்கும் கண்களும் இருந்தால் அதற்குப் போதும்.

சொற்பொருள்

கயாலை – கல்லோ மண்ணோ கொண்டு அமைத்த எல்லைச் சுவர்
ஏலா – வயல்வெளி
பறம்பு – வீட்டைச் சூழ்ந்த தோட்ட நிலம்
பரி – குதிரை
தண்டம் – குற்றத்திற்கு விதிக்கும் பணம்
கொண்டி – கதவைப் பூட்டும் கம்பி

சிந்தித்து விடை எழுதுக

1. நரிக்குச் சோறு வைக்க வேண்டாம் என்று ஆச்சி தடுத்தது ஏன்?
2. ‘கோழியை நாம் காக்கவில்லை என்றால், பழியை அது சுமக்கும்’ – இக்கூற்றை விளக்குக.
3. தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோல் வழங்கும் சொற்களை இப்பாடத்திலிருந்து எடுத்து எழுதுக. வீட்டாரிடம் கேட்டு மேலும் ஐந்து சொற்களைச் சேர்க்க.
4. உங்கள் வீட்டருகே வரும் ஓர் உயிரினத்தைத் தொலைவில் இருந்தபடி ஒரு வாரம் கவனித்து, பேத்தியைப் போலக் குறிப்பேடு எழுதுக.